ஆங்கிலத்தில் முழுமை: சொற்கள் சொல்லும் வரலாறு

பள்ளி மாணவர் ஒருவர் ஆங்கிலம் தமிழ் அகராதியைப் புரட்டுகிறார். 'ஹோல்' என்ற சொல்லுக்கு முழுமை என்று பொருள் போடப்பட்டிருக்கிறது. 'என்டயர்' என்பதற்கும் முழுமை. 'கம்ப்ளீட்' என்பதற்கும் முழுமை. 'டோட்டல்' என்பதற்கும் முழுமை. 'பர்ஃபெக்ட்' என்பதற்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். ஐந்து சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்றால் ஆங்கிலேயருக்கு ஐந்து சொற்கள் எதற்கு என்று அந்த மாணவர் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்?

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது மொழியின் வளம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது விடையாகாது. உற்று நோக்கினால் இச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாசல் வழியாக அம்மொழிக்குள் புகுந்தவை என்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் தன் பிறந்த வீட்டுச் சீதனத்தைத் தன்னோடு கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சீதனம் இன்னதென்று அறியாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், பொருள் பிறழ்ந்துவிடும்.

சொற்களின் நுண்ணிய வேறுபாட்டை ஆராய்வது நமக்குப் புதிய கலையன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூஹிலால் அல்அஸ்கரி என்னும் பேரறிஞர், அரபு மொழியில் ஒரே பொருள் தருவனபோல் தோன்றும் சொற்களுக்கிடையே உள்ள வேற்றுமைகளை விளக்குவதற்கென்றே ஒரு நூல் இயற்றினார். ஆங்கிலத்தில் அத்தகைய முயற்சி மிகவும் பிந்தியே வந்தது. ஜார்ஜ் கிராப் என்பவரின் ஒருபொருட் பன்மொழி விளக்கம் 1816இல் வெளியாயிற்று. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் சொற்களைப் பொருள்வாரியாக வகுத்துத் தமது சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டார். அதில் முழுமைக்கு ஒரு தலைப்பும், நிறைவுக்கு வேறொரு தலைப்பும் அவர் தந்திருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

உடல் நலமே முழுமை

முதலில் 'ஹோல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது ஆங்கிலத்தின் மண்ணிலேயே விளைந்த பழஞ்சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் வடிவம் 'ஹால்' என்பதாகும். காயம் படாதது, நோயற்றது, சேதமில்லாதது என்பதே அன்று அதன் பொருள். உடல் நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', குணப்படுத்துதலைக் குறிக்கும் 'ஹீல்', முதுமையிலும் திடமாக இருப்பவரைக் குறிக்கும் 'ஹேல்' ஆகிய யாவும் இச்சொல்லின் உடன்பிறப்புகளே. புனிதம் என்று பொருள்படும் 'ஹோலி' என்ற சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குறைபடாமல் காக்கப்பட வேண்டியது எதுவோ அதுவே புனிதம் என்ற எண்ணத்தில் அது பிறந்திருக்கலாம் என்பர் மொழியறிஞர்.

இவ்வளவு நெருங்கிய உறவு நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? பதினைந்தாம் நூற்றாண்டில் 'ஹோல்' என்ற சொல்லின் எழுத்துக் கூட்டலில், உச்சரிக்கப்படாத ஓர் எழுத்து முன்னே வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஓர் எழுத்து, குடும்பத்தையே பிரித்துவிட்டது. இன்று ஆங்கிலம் பேசுபவரிலும் பெரும்பாலோர், முழுமையும் ஆரோக்கியமும் புனிதமும் தம் மொழியில் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கி.பி. 597இல் உரோமாபுரியிலிருந்து கிறிஸ்தவப் போதகர்கள் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்து சேர்ந்தனர். நாளடைவில் ஈடேற்றம் என்ற சமயக் கருத்தை மக்கள் மொழியில் உணர்த்த வேண்டிய தேவை அங்கு எழுந்தது. அதற்குரிய புதுச்சொல்லை யாரும் படைக்கவில்லை. உடல் நலத்தைக் குறித்த பழஞ்சொல்லையே ஆன்ம ஈடேற்றத்திற்கும் ஆக்கிக்கொண்டனர். ஈசா நபி அவர்களைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயரும் குணப்படுத்துபவர் என்ற பொருளுடையதே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலும் நோய் நீங்கியவரை 'ஹோல்' ஆனவர் என்று சொல்லும் வழக்கு நின்றிருந்தது. பிற்கால மொழிபெயர்ப்புகளில் அவ்விடங்களில் வேறு சொற்கள் வந்து அமர்ந்துவிட்டன.

பண்டைய ஆங்கிலேயர் ஒருவரையொருவர் வாழ்த்தும்போதும் 'ஹால்' ஆக இரு, அதாவது ஊனமின்றி நலமாக இரு என்றனர். இலத்தீன் மக்களின் முகமனிலும் நலம் என்னும் சொல்லே அடிப்படையாக நின்றது. 'சல்யூட்' என்ற இக்காலச் சொல் அதன் வழிவந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ஸலாமும் குறைவின்மை, ஈடேற்றம் என்ற பொருள்களைத் தாங்கிய வேரிலிருந்து வந்ததே. ஒருவருக்கொருவர் தொடர்பற்ற மூன்று மக்கள், எதிர்ப்பட்டவரிடம் சொல்லத் தகுந்த முதற்சொல் முழுமையைப் பற்றியதே என்று கண்டிருப்பது வியப்புக்குரியதன்றோ!

தீண்டப்படாததும் நிரப்பப்பட்டதும்

1066இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் இலத்தீன் வேர்ச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. 'என்டயர்' என்ற சொல் அவ்வாறு வந்ததே. அதன் இலத்தீன் மூலம் 'இன்டெகர்'. தொடப்படாதது என்பது அதன் நேர்ப்பொருள். கை வைத்து ஒரு துண்டும் எடுக்கப்படாமல் இருந்தபடியே இருப்பது எதுவோ அது 'என்டயர்'. முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்' என்பதும் அதே சொல்தான். மனிதனின் நேர்மையைக் குறிக்கும் 'இன்டெக்ரிட்டி' என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது. இலஞ்சமோ அச்சமோ தன்மேல் கை வைக்க விடாதவன் எவனோ, அவனே அச்சொல்லுக்கு உரியவன்.

நம் நாட்டு அரசியல் சாசனத்தின் முகப்புரையில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட சொற்களுள் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் நாட்டின் சிதையாத தன்மைக்கும் தனிமனிதனின் நேர்மைக்கும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் முன்னதை ஒருமைப்பாடு என்றும் பின்னதை நேர்மை என்றும் பிரித்துச் சொல்கிறோம். பிரித்துச் சொல்வது தெளிவுக்கு உதவும் என்பது உண்மை. எனினும் தனிமனிதர் நேர்மையை இழந்தால் நாட்டின் ஒருமையும் நிலைக்காது என்ற குறிப்பு, ஆங்கிலத்தின் அந்த ஒற்றைச் சொல்லில் மறைந்து கிடக்கிறது.

'கம்ப்ளீட்' என்பதன் கதை வேறு. இலத்தீனில் அது நிரப்புதல் என்ற வினையிலிருந்து வந்தது. குடத்தில் நீரை விளிம்புவரை வார்க்கிறோம். இனி வார்க்க இடமில்லை. அதுவே 'கம்ப்ளீட்'. ஆகவே, 'என்டயர்' என்பது எதுவும் எடுக்கப்படாத முழுமை. 'கம்ப்ளீட்' என்பது சேர்க்க வேண்டியது எதுவும் மிஞ்சாத முழுமை. முன்னது தொடக்கத்திலேயே இருப்பது. பின்னது முயற்சியால் எய்தப்படுவது.

'பர்ஃபெக்ட்' என்பதும் வினையிலிருந்து பிறந்ததே. கடைசிவரை செய்து முடிக்கப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். ஆங்கில இலக்கணத்தில் முடிவுற்ற செயலைக் குறிக்கும் காலத்திற்கு இப்பெயர் வாய்த்தது அதனால்தான். நம் இலக்கணத்தார் வினைமுற்று என்று பெயரிட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'டோட்டல்' என்பதோ உறுப்புகளை எல்லாம் கூட்டி வந்த மொத்தத்தையே குறிக்கும். அதில் குணம் பற்றிய பேச்சில்லை. ஒரு கிடங்கு தீப்பற்றி எரிந்தால் இழப்பை 'டோட்டல்' என்பர். அங்கே 'பர்ஃபெக்ட்' என்று யாரும் சொல்லார்.

வணிகர்க்கு அறிமுகமான ஒரு சொல்லையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். மொத்த வியாபாரத்தை ஆங்கிலத்தில் 'ஹோல்சேல்' என்கிறோம். சில்லறை வியாபாரத்தை 'ரீடெயில்' என்கிறோம். பின்னது வெட்டுதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. துணி வெட்டித் தைப்பவருக்கு 'டெய்லர்' என்ற பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். வெட்டாமல் முழுதாக விற்பவர் ஒருவர்; வெட்டி விற்பவர் மற்றொருவர். தலைமுறை தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் நம் குடும்பங்களுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

உடைந்ததை ஒட்டவைத்த கலை

முழுமையைப் பற்றிய சொற்களுள் அரபு மொழி ஆங்கிலத்திற்கு ஈந்த கொடையும் ஒன்று உண்டு. அதுதான் 'அல்ஜீப்ரா'.

பக்தாதில் கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த காலம் கி.பி. 813 முதல் 833 வரை. அக்காலத்தில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் தலைப்பில் 'அல்ஜப்ர்' என்ற சொல் இடம்பெற்றது. உடைந்ததைச் சேர்த்து முழுமையாக்குதல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைக் கட்டுவதற்கும் அரபியர் இச்சொல்லையே ஆண்டனர். காயத்தின் மேல் வைத்துக் கட்டும் பத்தைக்கு 'ஜபீரா' என்று பெயர். ஒளுச் செய்யும்போது அக்கட்டின் மீது ஈரக்கையால் தடவுவது பற்றிய சட்டத்தை ஃபிக்ஹு நூல்களில் ஓதியவர்கள் இச்சொல்லை மறந்திருக்க மாட்டார்கள்.

கணிதத்தில் இதன் வேலை என்ன? பத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்தால் நான்கு என்று வைத்துக்கொள்வோம். இங்கே பத்து முழுமையாக இல்லை. அது குறைபட்டு நிற்கிறது. கழிக்கப்பட்ட தொகையை இருபக்கமும் சேர்த்துவிட்டால், பத்து தன் முழுமையைத் திரும்பப் பெறுகிறது. மறுபக்கத்தில் நான்கும் அத்தொகையும் நிற்கின்றன. தொகை ஆறு என்பது விளங்கிவிடுகிறது. குறைபட்டதன் குறையை நீக்கும் இச்செயலே 'ஜப்ர்'. பின்னம் என்பதற்கு அரபியில் 'கஸ்ர்', அதாவது உடைவு என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபிராக்ஷன்' என்பதும் உடைத்தல் என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்ததே.

1145இல் செஸ்டர் நகரத்து இராபர்ட் என்னும் ஆங்கிலேயர், ஸ்பெயின் நாட்டு செகோவியா நகரில் இருந்துகொண்டு இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதன் மூலம் அச்சொல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஸ்பெயினில் எலும்பு முறிவு வைத்தியருக்கு 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற பெயரே வழங்கியது. செர்வான்டிஸ் எழுதி 1615இல் வெளியான புகழ்பெற்ற டான் குவிக்ஸோட் கதையின் இரண்டாம் பாகத்தில், அடிபட்ட ஒருவருக்கு வைத்தியம் பார்க்கும் அத்தகைய ஒருவர் வருகிறார். பழைய ஆங்கில மருத்துவ எழுத்திலும் இச்சொல் எலும்பு கட்டுதலைக் குறித்ததுண்டு. இன்று கணித வகுப்பில் திணறும் நம் பிள்ளைகள், தாம் கற்பது உடைந்ததை ஒட்டவைக்கும் கலை என்பதை அறிந்தால், அப்பாடத்தின்மீது சற்றே அன்பு பிறக்கக் கூடும்.

மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம்

இந்நுண்வேறுபாடுகள் எத்துணை இன்றியமையாதவை என்பதை, திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தோர் நன்கறிவர். 'அஷ்ஷுஅரா' என்னும் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி அவர்களின் பிரார்த்தனையை ஒட்டி, செல்வமும் மக்களும் பயன்படாத ஒரு நாளைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்நாளில் பயன் பெறுபவர் 'ஸலீம்' ஆன உள்ளத்தோடு வருபவர் மட்டுமே. இந்த 'ஸலீம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஐதராபாத் சமஸ்தானத்தில் பணியாற்றிய மர்மடியூக் பிக்தால், 1930இல் வெளியிட்ட தமது மொழிபெயர்ப்பில் 'ஹோல்' என்ற சொல்லைத் தேர்ந்தார். 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாகத் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்ட அப்துல்லாஹ் யூசுஃப் அலீ, 'சவுண்ட்' என்றார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்பெரி 1955இல் 'ப்யூர்' என்றார். மூவரும் அரபியும் ஆங்கிலமும் துறைபோகக் கற்றவர்கள். மூவரும் மூன்று சொற்களை ஆண்டது ஏன்?

'ஹோல்' ஆன உள்ளம் பிளவுபடாதது. ஒரு பாதி இங்கும் மறுபாதி வேறெங்கும் என்று இராதது. 'சவுண்ட்' என்பது உள்ளீடு கெடாதது. மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே உளுத்திருக்கவில்லை என்று தச்சர் சொல்வாரே, அத்தகையது. 'ப்யூர்' என்பதோ கலப்பில்லாதது. பிளவின்மை, உளுப்பின்மை, கலப்பின்மை ஆகிய மூன்றும் 'ஸலீம்' என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்க, ஆங்கிலத்தில் மூன்று சொற்களுக்கிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் தம் உள்ளத்துக்கு முதன்மையாகப் பட்டதை எடுத்தனர். மற்ற இரண்டையும் இழந்தனர். இதில் எவரையும் குறை கூற இயலாது.

மத்ரஸாவில் இலக்கணம் ஓதியவர்களுக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் நினைவுக்கு வரும். சொல்லின் உருவம் சிதையாமல் இறுதியில் விகுதி சேர்ந்து வரும் பன்மையை 'ஜம்உ ஸாலிம்' என்றும், உருவம் உடைந்து மாறும் பன்மையை 'ஜம்உ தக்ஸீர்' என்றும் கற்றோம். ஆங்கிலத்தில் அரபு இலக்கணம் எழுதியவர்கள் முன்னதற்கு 'சவுண்ட்' என்றும், பின்னதற்கு உடைந்த பன்மை என்றும் பெயரிட்டனர். மேலும் ஒரு விந்தை: அரபியர் பாம்பு தீண்டியவனையும் 'ஸலீம்' என்பர். அவன் பிழைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் எழுந்த வழக்கு அது. சுடுகாட்டை நன்காடு என்னும் நம் தமிழ் மங்கல வழக்கை ஒத்தது அது.

இவ்வாறே 'கமால்', 'தமாம்' என்ற இரண்டும். மார்க்கம் நிறைவாக்கப்பட்டதையும் அருட்கொடை பூர்த்தியாக்கப்பட்டதையும் கூறும் புகழ்பெற்ற வசனத்தில், முன்னதற்கு 'கமால்' என்ற வேரும் பின்னதற்கு 'தமாம்' என்ற வேரும் வருகின்றன. பிக்தாலும் யூசுஃப் அலீயும் இவ்விடத்தில் ஒத்த கருத்தினராய், முன்னதற்குப் 'பர்ஃபெக்ட்' என்பதன் வினையையும் பின்னதற்குக் 'கம்ப்ளீட்' என்பதன் வினையையும் ஆண்டனர். பாகம் ஒன்றும் குறையாமை தமாம். அதற்கும் மேலாகப் பண்பால் சிறந்து நிற்பது கமால். பழைய கிதாபுகளின் இறுதியில் 'தம்மத்' என்று எழுதி முடிப்பர். 'கமுலத்' என்று தம் படைப்பைத் தாமே சிறப்பித்துக்கொள்வது அரிது. எழுதி முடித்தேன் என்று சொல்ல எவர்க்கும் உரிமையுண்டு. சிறந்து நின்றேன் என்று சொல்வது எளிதோ?

ஒரு சொல்லும் ஒரு மனிதரும்

முழுமைக் குடும்பத்தில் மிக இளைய சொல் 'ஹோலிசம்'. இதைப் படைத்தவர் தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸ். 1924 தேர்தலில் பிரதமர் பதவியை இழந்த அவர், 1926இல் வெளியிட்ட தத்துவ நூலில் இச்சொல்லை வழங்கினார். முழுமை என்பது அதன் உறுப்புகளின் வெறுங்கூட்டுத் தொகையன்று; அதற்கும் மேற்பட்டது என்பது அவர் கொள்கை. ஓசையைக் கேட்டு இதுவும் 'ஹோல்' என்பதன் உறவு என்று பலர் எண்ணுவர். அது பிழை. இது 'ஹோலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. வடமொழியின் 'சர்வ' என்பதற்கே அது உறவு. ஓசை ஒற்றுமை கண்டு உறவு முடிவு கட்டலாகாது.

அதனினும் பெரிய பிழையொன்றை இங்கு நாம் காண வேண்டியிருக்கிறது. உலகமே ஒரு முழுமை என்று எழுதிய கை, தன் நாட்டு மக்களை எப்படி நடத்திற்று?

1913 மார்ச்சில், கணவருடன் வாழத் தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில், கேப் மாநில நீதிபதி செர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் அந்நாட்டுச் சட்டத்தில் செல்லா என்பது அதன் விளைவு. நிக்காஹ் செய்துகொண்ட நம் பெண்களும், தாலி கட்டிக்கொண்ட இந்துப் பெண்களும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். மூன்று பவுண்டு தலைவரி ஏற்கெனவே தொழிலாளர்களின் முதுகை ஒடித்துக்கொண்டிருந்தது. காந்தியடிகள் தலைமையில் சத்தியாக்கிரகம் மீண்டும் மூண்டது. டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்திற்கு வழி திறந்தனர். சிறை சென்று நோயுற்ற வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22இல் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார்.

அன்று அரசின் சார்பில் காந்தியடிகளோடு பேச்சு நடத்தியவர் ஸ்மட்ஸ்தான். 1914இல் தலைவரி நீக்கப்பட்டது. திருமணங்கள், ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்புக்குள், ஏற்கப்பட்டன. காந்தியடிகள் சிறையில் தாம் தைத்த ஒரு சோடிச் செருப்பை அவருக்கு அன்பளித்ததும், ஸ்மட்ஸ் அதைப் பின்னாளில் மதிப்போடு திருப்பி அனுப்பியதும் வரலாறு. ஆயினும் 1946இல், அவர் மீண்டும் பிரதமராக இருந்தபோது, இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் வரையறுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை உருவாக்குவதில் அவர் பெரும் பங்கு கொண்டிருந்தார். அதே ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா அச்சட்டத்திற்கு எதிராக முறையிட, 1946 டிசம்பரில் பொதுச்சபை இந்தியாவின் பக்கம் தீர்மானித்தது. 1948 தேர்தலில் ஸ்மட்ஸ் தோற்றார். அதன் பின் வந்தோர் பிரிவினையை நாட்டின் கொள்கையாகவே ஆக்கினர். அக்கொடுமை ஒழிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்மட்ஸ் அறிவிலி அல்லர். வஞ்சகர் என்று எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது. அவர் கண்ட முழுமையில் எல்லாம் இருந்தன. மலையும் செடியும் உயிரணுவும் இருந்தன. அந்நாட்டின் கறுப்பு மக்களும் நம்மவரும் மட்டும் சமமாக இல்லை. உறுப்புகளுக்கு மேற்பட்டது முழுமை என்று பேசியவர், சில உறுப்புகளுக்கு வலிக்கும் என்பதை மறந்தார்.

ஆகவே அகராதி புரட்டும் அந்த மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியது இது: ஐந்து சொற்களும் ஒன்றல்ல. எடுக்கப்படாதது, நிரம்பியது, செய்து முடிந்தது, கூட்டி வந்தது, நோயற்றது என ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடையாகும். தமிழிலும் நமக்கு முழுமை, நிறைவு, மொத்தம், முற்று, நலம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றை அததற்குரிய இடத்தில் ஆள்வதே நம் கடமை. எதையாவது முழுமை என்று யாரேனும் நம்மிடம் கூறினால், எந்த முழுமை என்று கேட்போம். அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள் என்றும் கேட்போம். கேப் நகர நீதிமன்றத்தில் தம் நிக்காஹ் செல்லாது என்று கேட்டு நின்ற அந்தச் சகோதரிக்கு, அக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சியாக இருந்திருக்காது.